மாவுக்கோழியும் திரையில் விழும் தலையும்



கதிரவன் மறையுமுன் உணவை முடித்துக்கொள்ளும் பிள்ளை. உருளைக்கிழங்கும் வெங்காயமும் தீண்டாத பிள்ளை. வாசற்படியில் எறும்புச் சாரை கண்டால் காலை விலக்கி வைக்கும் பிள்ளை. அப்பிள்ளையே இரவு எட்டு மணிக்குக் கணினி முன் அமர்ந்து, கொள்ளைக்காரன் வேடம் பூண்டு, திரையில் ஓர் ஊரைக் கொளுத்துகின்றான். பின்னால் நின்று பார்த்த பாட்டி பதறிப்போய், “இது என்ன பாவமடா?” என்கின்றாள். “பாட்டி, அது வெறும் படம்; அதில் உயிரே இல்லை” என்பது பேரனின் விடை. இவ்வுரையாடல் இன்று பல இல்லங்களில் நிகழ்கின்றது. பெரும்பாலும் அங்கேயே நின்றும் விடுகின்றது. பாட்டியின் மனம் ஆறுவதில்லை. பேரன் கதவைச் சாத்திக்கொண்டு ஆடுகின்றான். இருவர் கூற்றிலும் பாதி உண்மை இருப்பதனாலேயே இவ்வினா எளிதில் தீர்வதில்லை.

முதலில், அவ்விளையாட்டு இன்னதென அறிதல் வேண்டும். அறியாமற் கண்டிப்பதனால் பயனில்லை. பிள்ளைகள் அதனை உடனே கண்டுகொள்வர்.

பாத்திரம் ஏற்று ஆடும் ஆட்டங்களுக்கு மூலமாக நிற்பது 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆகும். அதற்குத் திரையும் இல்லை, மின்சாரமும் இல்லை. ஒரு மேசையைச் சுற்றி நால்வரோ ஐவரோ அமர்வர். ஒருவர் நடத்துநர், ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரம். “காட்டுவழியில் ஒரு வணிகன் தனியே வருகின்றான், என் செய்வீர்?” என்று நடத்துநர் வினவ, ஆடுவோர் தத்தம் பாத்திரத்தின் வாயால் விடை கூறுவர். செயல் பலிக்குமா என்பதை இருபது முகங்கொண்ட பகடை முடிவு செய்யும். 1978இல் வந்த அவ்வாட்டத்தின் கையேட்டில் ஒவ்வொரு பாத்திரத்திற்கும் ஒரு குணநிலை குறிக்க வேண்டும் என்ற விதி விரிவாக அமைந்தது. நன்மை, நடுநிலை, தீமை என ஒரு வரிசை. ஒழுங்கு, நடுநிலை, ஒழுங்கின்மை என மற்றொரு வரிசை. இரண்டும் பெருகி ஒன்பது நிலைகள். ஆடுபவன் ஒரு தாளில் தன் பாத்திரத்தின் பெயருக்குக் கீழே ‘தீயவன்’ என்று தன் கையாலேயே எழுதிக்கொள்ளலாம். பின்னாளைய கணினி விளையாட்டுகள் பலவும் இவ்வேரிலிருந்து கிளைத்தவையே.

இதனைக் கண்டு அமெரிக்கப் பெற்றோர் பலர் அஞ்சினர். 1980களில் அவ்வச்சம் பெருந்தீயாகப் பரவிற்று. மகனைத் தற்கொலையில் இழந்த ஒரு தாய், ஆட்டமே காரணமென நம்பி 1983இல் ஓர் எதிர்ப்பு அமைப்பையே தொடங்கினார். அத்தாயின் துயரம் மதிக்கத் தக்கது. ஆயின், அவ்வமைப்பு அடுக்கிய குற்றச்சாட்டுகள் ஆய்வில் நிலைக்கவில்லை. 1990இல் மைக்கேல் ஸ்டாக்போல் என்னும் எழுத்தாளர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்துரைத்தார். இதற்கிடையே, 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் பேய், சாத்தான் என்னும் பெயர்களையும் ‘கொலையாளி’ என்னும் பாத்திர வகையையும் பதிப்பகத்தார் நீக்கிவிட்டனர். பெயரை நீக்கினர், தீமை செய்வதாகக் கற்பித்து ஆடும் வாய்ப்பு அங்கேயேதான் இருந்தது. அச்சத்தினால் செய்யும் திருத்தங்கள் பெரும்பாலும் இத்தன்மையவே.

“நாடகத்தில் தீயவன் வேடம் போடுவதில்லையா?” என்று இளைஞர் கேட்பர். நியாயமான கேள்வி. தமிழ்த் திரையில் எம். என். நம்பியார் அடிக்காத சவுக்கில்லை, செய்யாத வஞ்சகமில்லை. வாழ்விலோ அவர் ஆண்டுதோறும் சபரிமலைக்கு விரதமிருந்து சென்ற குருசாமி. அவ்வேடம் அவரைத் தீண்டவில்லை. ஆயினும் நடிகருக்கும் ஆடுபவனுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. அதனை மறைத்தல் கூடாது. நடிகர் பேசும் சொல் பிறர் எழுதியது. சவுக்கை எடுப்பதா, வைப்பதா என்று அவர் தேர்வதில்லை. விளையாட்டிலோ தேர்வு முழுதும் ஆடுபவனுடையது. வணிகனைக் கொள்ளையிடலாம், விட்டுவிடலாம், துணைக்குச் செல்லலாம். மூன்றும் திறந்திருக்க, கை ஒன்றனைத் தேர்கின்றது. உயிர் வதை அங்கில்லை, தேர்வு உண்டு. சமண நூலோர் ஆராய்வதும் இத்தேர்வைத்தான்.

திரவிய இம்சை, பாவ இம்சை என இரண்டாக இம்சையைப் பகுத்துரைப்பது அவையோர் அறிந்ததே. பிற உயிரின் உடலுக்கு நேரும் ஊறு முன்னது. கோபம், செருக்கு, வஞ்சம், பேராசை ஆகியவற்றால் உள்ளம் கலங்கி நிற்றல் பின்னது. (வடமொழியில் உள்ளப்பாங்கைக் குறிக்கும் ‘பாவ’மும் தீவினையைக் குறிக்கும் ‘பாவ’மும் வெவ்வேறு சொற்கள், தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. பாட்டி சொன்ன ‘பாவம்’ எதுவென்று கேட்டால் அவளும் இரண்டையும்தான் சொல்லக்கூடும்.) கருத்தோடு நடந்துசெல்லும் துறவியின் அடியில் அறியாமல் ஒரு சிற்றுயிர் மடிந்தால் அவரைக் கொலைவினை பற்றாது என்றும், கொல்லக் கருதியவன் குறி தப்பினாலும் வினையினின்று தப்பான் என்றும் நூல்கள் கூறும். பெருமீனின் செவியில் வாழும் அரிசியளவான மீன், பெருமீனின் வாயில் சிறுமீன்கள் புகுந்து தப்பி வருவதைக் கண்டு, “இவ்வுடல் எனக்கிருந்தால் ஒன்றையும் விடேன்” என எண்ணி எண்ணியே ஏழாம் நரகம் புக்கதாகக் கூறும் கதை இதற்கே எழுந்தது. அம்மீன் ஓருயிரையும் தின்னவில்லை.

இனி, இப்பொருளுக்கு மிக நெருங்கிய கதை ஒன்று தமிழிலேயே உள்ளது. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றான யசோதர காவியம் அது. இதே கதையைச் சோமதேவர் 959இல் வடமொழியிலும், சன்னர் 1209இல் கன்னடத்திலும் பாடினர் என்றால், சமண உலகம் இதனை எவ்வளவு பெரிதாகக் கருதிற்று என்பது புலப்படும். உஞ்சயினி வேந்தன் யசோதரன் தன் மனைவியின் ஒழுக்கக்கேட்டைக் கண்டு மனம் உடைகின்றான். உண்மையைச் சொல்ல மாட்டாமல், தீக்கனாக் கண்டதாகத் தாய் சந்திரமதியிடம் கூறுகின்றான். தேவிக்கு உயிர்ப்பலி தந்தால் தீங்கு நீங்கும் என்கின்றாள் தாய். கொலை செய்யேன் என்கின்றான் மகன். அப்படியாயின் மாவினால் ஒரு கோழி செய்து அதனை வெட்டு என்கின்றாள். இதற்கு அவன் இசைகின்றான். வாள் வீழ்கின்றது, மாவுக்கோழி உயிர்க்கோழி போலக் கூவி விழுகின்றது. அதன்பின் தாயும் மகனும் மனைவியிட்ட நஞ்சால் மாண்டு, மயிலும் நாயும், மீனும் முதலையும், ஆடும் எருமையும், இறுதியில் இரண்டு கோழிகளுமாகப் பிறந்து பிறந்து வெட்டுண்டு வருந்துவதே காவியத்தின் பெரும்பகுதி.

பாட்டி இக்கதையைக் கூறினால் பேரன் என்ன விடை சொல்வான்? “அது வெறும் மாவு” என்றுதான் யசோதரனும் எண்ணினான். ஆகவே “வெறும் படம்” என்னும் விடை மட்டும் போதாது.

ஆயினும் கதையைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். மாவைக் கோழி வடிவில் பிசைந்தது அன்று அவன் வினை. அடுக்களையில் குழந்தைகள் மாவில் கிளியும் மீனும் செய்வர். அவற்றைப் பிய்த்தும் எறிவர். எவரும் அதனைக் கொலை என்னார். யசோதரன் அம்மாவினை உயிராகவே பாவித்தான். உயிர்ப்பலியின் பயன் தனக்கு வரவேண்டும் என்று விரும்பினான். அதனைத் தெய்வத்தின் முன் மெய்யாகவே படைத்தான். அவனுக்கு அது விளையாட்டாக இருந்ததேயில்லை. கொலையின் பயனை விரும்பி, கொலையை மட்டும் தவிர்த்ததாகத் தன்னை ஏமாற்றிக்கொண்டான். சங்கற்ப இம்சை என்று நூல்கள் கூறுவது இதனையே.

எனவே வினா மாறுகின்றது. திரையில் விழுவது உயிரா, ஒளிப்புள்ளியா என்பதன்று வினா. ஆடுபவன் எதனை விரும்பி அதனை வீழ்த்துகின்றான் என்பதே. அவ்விருப்பம் எல்லோரிடத்தும் ஒன்றன்று.

மேசையாட்டத்தில் நடத்துநராக அமர்பவரைக் கொள்க. கொடுங்கோலன், சூனியக்காரி, கொள்ளைத் தலைவன் எல்லாம் அவரே. நண்பர்கள் வீரம் காட்டவும் இரக்கம் காட்டவும் ஓர் எதிரி வேண்டும். அவ்வெதிரியாகித் தோற்றுப்போவதே அவர் பணி. தோற்பதற்காகத் தீயவனாகும் ஒருவரிடம் எந்தக் கொலைவிருப்பைக் காண்பது? மற்றொருவன், கதை அவ்வழியில் என்னவாகும் என்று காணவே தீய வழியைத் தேர்கின்றான். 2023இல் பெல்ஜிய நிறுவனமான லாரியன் வெளியிட்ட ‘பால்டர்ஸ் கேட் 3’ இல், அடைக்கலம் புகுந்த ஏதிலியரைத் தாக்கும் கூட்டத்தோடு ஆடுபவன் சேரலாம். சேர்ந்தால், அதுவரை உடன்வந்த தோழர் சிலர் அவனை விட்டுப் பிரிவர். வெறிச்சோடிய பாசறையில் நின்று, முன்பு சேமித்து வைத்த இடத்திற்கே திரும்பிச் சென்று வேறு வழி தேடுவோர் உண்டு.

உண்மையில், தீய வழி திறந்திருந்தும் அதிற் செல்வோர் சிலரே. ‘மாஸ் எஃபெக்ட்’ என்னும் புகழ்பெற்ற விளையாட்டை உருவாக்கியோருள் ஒருவரான ஜான் எபெங்கர் 2020இல் கூறியபடி, ஆடியோரில் ஏறத்தாழ 92 விழுக்காட்டினர் நல்வழியையே தேர்ந்தனர். கடுவழிக்கெனத் தாங்கள் செய்த உழைப்பெல்லாம் பெரும்பாலோர் காணாமலே போயிற்று என்றும் அவர் குறைப்பட்டுக்கொண்டார். எவரும் காணாத அறையில், தண்டனையே இல்லாத இடத்தில், மனிதர் இவ்வளவு பேர் நல்லவராக இருக்க விரும்புகின்றனர் என்பது மகிழத்தக்க செய்தி.

தீயவனாக ஆடியவர் உள்ளத்தில் நிகழ்வது என்ன? பஃபலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்யூ கிரிஸார்டும் உடனுழைத்தோரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், சிலரைப் பயங்கரவாதி வேடத்திலும் சிலரை அமைதிப்படை வீரர் வேடத்திலும் ஆடச் செய்தனர். முன்னவர்க்குக் குற்றவுணர்வு மிகுந்தது. அவ்வுணர்வு, பிறர்க்கு ஊறு செய்யாமை, நேர்மை ஆகியவற்றில் அவர்தம் கூர்மையை மிகுவிப்பதாகவும் தெரிந்தது. இளைஞர் இச்செய்தியை விரும்பி எடுத்துக்காட்டுவர். ஆனால் அதே ஆய்வாளர் பின்னர் வேறொன்றும் கண்டார்: ஒரே ஆட்டத்தை மீண்டும் மீண்டும் ஆடும்போது அக்குற்றவுணர்வு தேய்கின்றது. முதல் நாள் தைத்த முள் நான்காம் நாள் தைப்பதில்லை. முதல் ஆய்வை மட்டும் சொல்லி இரண்டாவதை விடுவது முறையாகாது. ஆட்டத்தில் தேய்ந்த கூர்மை வாழ்விலும் தேயுமா என்பது வேறு வினா. இவ்வாய்வைக் கொண்டு அதனை முடிவு கட்டுதல் இயலாது. ஆனால் பழக்கம் உள்ளத்தைத் தொடும் என்ற அளவில் இதனை மறுக்க வழியில்லை. நான்கு வகை ரௌத்திர தியானங்களுள் முதலாவதை இம்சானந்தம் என்று ஆசாரியர்கள் பெயரிட்டது எண்ணத்தக்கது. இம்சையை அன்று, இம்சையில் திளைக்கும் ஆனந்தத்தையே அங்குக் குறித்தனர்.

சுவேதாம்பர மரபில் வழங்கும் பிரசன்னசந்திர முனிவரின் வரலாற்றையும் இங்கு நினைதல் தகும். அரசு துறந்து, இளமகனிடம் நாட்டை விட்டு, ஒற்றைக்காலில் தவம் நின்றார் அவர். வழிச்சென்ற வீரர் இருவர், அமைச்சர்கள் அம்மகனை வஞ்சிக்கச் சூழ்வதாகப் பேசிச் சென்றனர். முனிவர் உடல் அசையவில்லை. உள்ளத்திலோ போர் மூண்டது. மனத்தாலேயே அமைச்சரோடு பொருதார். மனத்திலிருந்த படைக்கலம் எல்லாம் தீர்ந்தபின், முடியைக் கழற்றி எறிவதற்குத் தலைமேல் கையை வைத்தார். அங்கே இருந்தது மழித்த தலை. அக்கணமே, தான் யார் என்பது நினைவுக்கு வந்தது, போரும் நின்றது. வேடத்திலிருந்து மீளும் அக்கை, ஆடும் ஒவ்வொருவனிடத்தும் இருக்கின்றதா என்பதே அறிய வேண்டுவது. ஆட்டம் முடிந்து எழுந்த பின்னும் இரண்டு நாழிகை சினம் தணியாத பிள்ளை, தாய் அழைத்தால் கொள்ளைக்காரனின் குரலிலேயே விடைசொல்லும் பிள்ளை, இன்னும் தலையில் முடி இருப்பதாகவே எண்ணுகின்றான்.

மேசையாட்டத்தில் இன்னும் ஒரு தீங்கு உண்டு. அதனைப் பெரியோர் அறியார், இளைஞர் நன்கறிவர். ஒருவன் தன் பாத்திரம் திருடன் என்று சொல்லிக்கொண்டு உடனாடும் தோழியின் பொருளைத் திருடுவான். பாத்திரத்தின் வாயால் அவளை இழித்துப் பேசுவான். அவள் முகம் வாடினால், “செய்தவன் நானில்லை, என் பாத்திரம்” என்பான். இங்குக் கதை கற்பனை. அவள் கண்ணீர் மெய். இது பாவ இம்சையோடு நில்லாமல் திரவிய இம்சையாகவும் ஆகிவிடுகின்றது. ஆடுவோர் சமூகமே இதற்கு வழி கண்டிருப்பது பாராட்டத்தக்கது. ஆட்டம் தொடங்குமுன் ஒருநாள் கூடி, எவ்வெவை இம்மேசையில் வரலாகாது என்று பேசி வரையறுத்துக்கொள்கின்றனர். ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் என்பவர் வகுத்த முறையில், மேசை நடுவே பெருக்கற்குறி இட்ட அட்டை ஒன்று கிடக்கும். எவருக்கேனும் மனம் நொந்தால் அதனைத் தொட்டால் போதும். காரணம் கேட்கலாகாது, காட்சி அப்போதே விலக்கப்படும். பிறர் மனம் நோகாமை காக்க வகுத்த இவ்விதியை எந்த அறநூலோரும் குறைகூறார்.

தீமையை எவ்வாறு சித்திரிக்கின்றனர் என்பதும் கருதத்தக்கது. பெரும்பாலான விளையாட்டுகளில் தீயவன் என்பவன் பிச்சைக்காரனை உதைப்பவன், முதியவளை ஏசுபவன். அதற்குக் கூலியாக நாலு பொற்காசு மிகுதியாகப் பெறுபவன். இது குழந்தைத்தனமான தீமை. உலகில் பெருந்தீமை இப்படித் தன்னைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அதனை உணர்த்தியவர் பிரெண்டா ரொமேரோ. 2009இல் அவர் ‘டிரெயின்’ என்னும் மேசையாட்டம் ஒன்றை அமைத்தார். மஞ்சள் நிறக் காய்களைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து, விதிப்படி வண்டியை ஊர் சேர்க்க வேண்டும், அவ்வளவே. எவரும் தீயவன் வேடம் போடவில்லை. வண்டி சேருமிடம் ஆஷ்விட்ஸ் என்ற அட்டை புரண்டதும், ஆடியோர் உறைந்து நின்றனர். சிறப்பாக ஆடி வெல்ல முயன்றவரே மிக விரைந்து அங்குச் சேர்த்தவர். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகையாலும் வினை வரும் என்ற பழைய வகுப்பில், மூன்றாவது எத்துணை எளிது என்பதை அவ்வாட்டம் காட்டிற்று. போலந்து நாட்டின் 11 பிட் ஸ்டூடியோஸ் 2014இல் வெளியிட்ட ‘திஸ் வார் ஆஃப் மைன்’ என்பதும் இவ்வகையினதே. சரயேவோ முற்றுகையை நினைந்து ஆக்கியது. அதில் ஆடுபவன் வீரனல்லன், முற்றுகைக்குள் பசித்திருக்கும் குடிமகன். முதிய கணவன் மனைவியின் வீட்டில் புகுந்து அவர்தம் உணவைத் திருடலாம், தடுப்பார் இல்லை. திருடி வந்த பாத்திரமோ மறுநாள் மனமொடிந்து அமர்ந்துவிடும். உண்ண உணவிருந்தும் எழாது. இதனைப் பள்ளி மாணவர் பயிலும் பட்டியலிற் சேர்ப்பதாகப் போலந்து அரசு 2020இல் அறிவித்தது.

ஆகவே பெற்றோர்க்குச் சொல்வது இது: கதவைத் தட்டி நிறுத்தச் சொல்லுமுன், ஒருநாள் மாலை அருகில் அமர்ந்து காணுங்கள். பெட்டியின்மேல் அச்சிட்ட வயது வரம்பை முதலில் பாருங்கள். பதினெட்டு என்று போட்டதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கித் தந்துவிட்டு விளையாட்டைப் பழிப்பதில் பொருளில்லை. பிள்ளை யாரைக் கொல்கின்றான் என்பதோடு நில்லாமல், கொல்லாமல் செல்ல அங்கு வழி இருந்ததா என்று அவனையே கேளுங்கள். அதற்கு விடைசொல்ல அவனுக்கு ஆர்வம் மிகும். மாலையில் பிரதிக்கிரமணம் செய்யும் இல்லமாயின், அன்று ஆடியதையும் அதில் நினைத்துக்கொள்ளலாம். தனியே ஒரு சடங்கு வேண்டுவதில்லை.

கொல்லாமல் செல்லும் வழி பற்றி இளைஞர் பலர் அறிந்த விளையாட்டு ஒன்றுண்டு. டோபி ஃபாக்ஸ் என்னும் அமெரிக்க இளைஞர் 2015இல் வெளியிட்ட ‘அண்டர்டேல்’ அது. பூமிக்கடியில் பூதங்கள் வாழும் நாட்டில் ஒரு குழந்தை விழுந்துவிடுகின்றது, வெளியேற வேண்டும். எதிர்ப்படும் ஒவ்வொரு பூதத்தையும் வெட்டலாம், அல்லது பேசியும் பொறுத்தும் விட்டுவிடலாம். மற்ற விளையாட்டுகளைப் போலவே இதிலும் வெட்ட வெட்டப் புள்ளிகள் ஏறும், நிலை உயரும். இறுதியில்தான் அப்புள்ளிகள் அனுபவத்தின் அளவல்ல, கொலைகளின் அளவு என்பதும், நிலை என்பது கொடுமையின் நிலை என்பதும் ஆடுபவனுக்கு உரைக்கப்படும். ஒருவன் எஞ்சாமல் அனைவரையும் தேடித்தேடிக் கொன்றால், ஊர்கள் வெறுமையாகும். இசையும் தாழ்ந்து இழுபடும். அவ்வழியை முடிவுவரை சென்றவன் பின்னர் மீண்டும் முதலிலிருந்து தொடங்கி நல்வழியே சென்றாலும், முடிவுக் காட்சியில் முன்செய்ததன் நிழல் விழும். அழித்தெழுதினாலும் ஆட்டம் மறப்பதில்லை.

ஓருயிரையும் கொல்லாமல் அதனை முடித்தவர்களும் மிகப் பலர். அது எளிய வழியன்று. மற்றவர்க்கு ஏறும் வலிமை அவர்க்கு ஏறாது. தொடக்கத்தில் தந்த இருபது உயிர்ப்புள்ளிகளோடே கடைசி எதிரியின் முன்னும் நிற்க வேண்டும். அடி விழும், பலமுறை தோற்க நேரும், திருப்பி அடிக்காமல் மறுபடியும் தொடங்க வேண்டும். அவ்வாறு முடிக்கும் பிள்ளையின் திரையில், நிலை என்னும் சொல்லுக்கு நேரே இறுதிவரை இருப்பது 1 என்னும் எண்ணே.